மலேசியாவுல சுங்கை சிப்புட்டுக்கு குடும்பத்தோட வர்றீங்களா, தமிழ்ப்பள்ளி பத்தி கொஞ்சம்

தம்பி, செம்பனை ஆலை வேலைக்கு வர்றீங்க, பையனுக்கு ஏழு வயசு, தோட்டத்துப் பள்ளி கவர்மெண்டா பிரைவேட்டான்னு கேட்டிருந்தீங்க. பிரைவேட் இல்ல. ஆனா இங்க தமிழ்ப்பள்ளியில பாதிக்கு மேல ‘அரசாங்க உதவி பெறும் பள்ளி’ன்னு சொல்லுவாங்க, அதக் கேட்டு நம்ம தமிழ்நாட்டு எய்டட் ஸ்கூல்னு நெனச்சுக்காதீங்க. ஊர்ல வாத்தியாரை எடுக்கறது மேனேஜ்மெண்ட், சம்பளம் மட்டும் அரசாங்கம். இங்க வாத்தியாரை அனுப்பறது, சம்பளம், பாடத்திட்டம் எல்லாமே கல்வி அமைச்சுதான். பள்ளி வாரியம் கையில மிச்சம் இருக்கறது நிலம், கட்டட விவகாரம்தான், சண்டையும் அதுலதான்.

வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துல பத்துப் பிள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும்னு தொழிலாளர் சட்டம் இருந்துச்சு, தொரமாரும் ஏதோ ஒரு கொட்டாய போட்டு கடமைய முடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் தோட்டம் கம்பெனி கம்பெனியா கை மாறிடுச்சு, பள்ளி மட்டும் அடுத்தவன் நிலத்துலயே நிக்குது. அப்படிப்பட்டதுதான் பகுதி உதவிப் பள்ளி. கூரை ஒழுகுதா, கக்கூஸ் கட்டணுமா, வாரியம் மானியத்துக்கு அலையணும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து வச்சு காசு சேக்கணும். நிலமும் அரசாங்கத்தோடதா இருக்கற முழு உதவிப் பள்ளின்னா அந்தத் தலவலி அரசாங்கத்தோடது.

அப்ப நிலத்த அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்துட்டா என்னன்னு சாப்பாட்டுக் கடையில கேட்டுப் பாருங்க, கடை சாத்துற வரைக்கும் பேசுவாங்க. பெரியவங்க பயத்துக்கு காரணம் இருக்கு. 1961 கல்விச் சட்டம் 21(2) பிரிவு, அமைச்சர் நெனச்சா தமிழ், சீனப் பள்ளிய தேசியப் பள்ளியா மாத்திடலாம்னு சொல்லுச்சு. 1996 சட்டத்துல அது இல்ல, பயம் மட்டும் போகல. வாரியம் நம்ம கையில இருந்தா ஒரு பிடி இருக்கும்ங்கறாங்க. எனக்கு அதுல பாதிதான் உடன்பாடு. 1957ல 888 தமிழ்ப்பள்ளி இருந்துச்சு, இப்ப சுமார் 530, பெரும்பாலும் சனங்க தோட்டத்த விட்டு டவுனுக்குப் போனதுலதான் போச்சு. வகுப்புல பிள்ளைங்க இல்லாம பிடிய வச்சு என்ன செய்யறது?

அதனால முழு உதவியா பகுதி உதவியான்னு பாக்காதீங்க, மொத்தம் எத்தன பிள்ளைங்கன்னு கேளுங்க. 150க்கு கீழன்னா குறைந்த மாணவர் பள்ளி. ரொம்ப கொறஞ்சா ரெண்டு வேற வேற ஆண்டுப் பிள்ளைங்கள ஒரே வகுப்புல போட்டுடுவாங்க. சின்னப் பள்ளியில வாத்தியார் நல்லா கவனிப்பாரு, அது ஒரு லாபம். டவுன்ல மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளி பெருசு, அங்கயும் கேட்டுப் பாருங்க. வெளிநாட்டுப் பிள்ளைன்னா நேரா தலைமையாசிரியர்கிட்ட போய் முடியாது, கல்வி இலாகாவுல மனு போடணும், இடம் இருந்தாதான் கிடைக்கும், கட்டணமும் உண்டு. விசா பாஸ் வந்ததும் மொத வேலையா இதப் பாருங்க.

மேல அமெரிக்கா மினசோட்டாவுல இருக்கற அக்கா, இது எங்க ஊர் சார்ட்டர் ஸ்கூல் (அரசாங்கப் பணத்துல தனி போர்டு நடத்தற பள்ளி) மாதிரியான்னு கேட்டிருந்தீங்க. இல்லக்கா. 1991ல அதுக்கு மொத மொத சட்டம் போட்டதே உங்க மாநிலம்தான், அங்க போர்டே வாத்தியாரை எடுக்கும், ஒப்பந்தப்படி நடத்தலன்னா பள்ளிய மூடிடலாம். இங்க அதுக்கு கொஞ்சம் கிட்ட வர்றது 2011ல கஜானா நேஷனல் (மலேசிய அரசாங்கத்தோட முதலீட்டு நிறுவனம்) ஆரம்பிச்ச அறக்கட்டளைப் பள்ளி, ஜொகூர்லயும் சரவாக்குலயும் மொதல்ல 10 பள்ளி. அதுவும் அரசாங்கப் பள்ளிதான், நடத்தறதுல கூடுதல் சுதந்திரம், அவ்வளவே.

தம்பி, இன்னொண்ணு. ஆறாம் ஆண்டு வரைக்கும்தான் தமிழ், அதுக்கப்புறம் இடைநிலைப் பள்ளி, முதலாம் படிவத்துலேர்ந்து பாடமெல்லாம் மலாய்ல. மலாய் சரியா வரலன்னா நடுவுல ஒரு வருசம் புகுமுக வகுப்பு. வந்ததுமே பையன சாயங்காலம் மலாய்ப் பிள்ளைங்களோட வெளிய வெளையாட விடுங்க, டியூஷன் அப்புறம் பாத்துக்கலாம்.