ஏற்காட்டுப் பரண்ல கிடந்த கேசட்டெல்லாம் பூசணம், போட்டுக் கேக்கலாமா?

காப்பித்தோட்டம்:
வணக்கம்ங்க. ஏற்காட்டுல தாத்தா வீட்டுப் பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட். சேர்வராயன் கோயில் திருவிழாவுல ஊர்க்காரங்க பாடுனதை அவரே பதிஞ்சது, வேற காப்பி கிடையாது. சுருள் ஓரத்துல வெள்ளையா நூல் நூலா ஓடியிருக்கு. டேப் ரிக்கார்டர் இருக்கு. ஒருதடவை போட்டுப் பாக்கலாமா?

அம்மாபேட்டை அக்கா:
வெயில்ல காயவைங்க தம்பி. பருப்புல பூசணம் வந்தா அப்படித்தானே பண்றோம்.

பழைய மெக்கானிக்:
அக்கா, சேலத்து வெயில்ல வச்சா கேசட்டோட பிளாஸ்டிக் ஓடே கோணிக்கும். ஹேர் டிரையரும் வேணாம்.

தம்பி, இப்போதைக்கு மெஷின்ல போடவே கூடாது. பூசணம், நாடாவுல இருக்கிற பாட்டைப் படிக்கிற ஹெட்டுலயும், நாடாவை இழுக்குற ரப்பர் ரோலர்லயும் ஒட்டி, அடுத்துப் போடுற நல்ல கேசட்டுக்கும் ஏறும். சுத்துக்குச் சுத்து ஒட்டியிருந்தா நாடா அறுந்தும் போயிடும். சி-90ன்னு போட்ட தொண்ணூறு நிமிஷ கேசட்டு நாடாவோட தடிமன் 12 மைக்ரான்தான், எவ்வளவு தாங்கும்?

தொட்டா ஈரமா அப்புதுன்னா இன்னும் உயிரோட இருக்கு. அப்ப துடைக்காதீங்க. ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல, நாடாவுல படாம மூடி வைங்க. மலை ஈரத்துல காயாது, கவர்ல கட்டி சேலத்துக்கு இறக்கிடுங்க.

பூசணம் காஞ்சு பொடியா ஆனப்புறம் திறந்தவெளியில வேலை. என்95 மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. வாயால ஊதக்கூடாது. ஆஸ்துமா உள்ளவங்க கிட்டயே வரவேணாம். லேபிளை போட்டோ எடுத்துட்டு, ஸ்க்ரூவைக் கழட்டி, ரெண்டு சுருளையும் சேர்த்துத் தூக்கி காலி ஓட்டுல மாத்துங்க. அதுக்கு முன்னாடி பிசிர் உதிராத துணியால ஓரத்தை லேசா துடைச்சிடுங்க. பிறகு பென்சில் விட்டு மெதுவா ஒருதடவை முழுக்கச் சுத்துங்க. எங்கயாவது பிடிச்சா இழுக்காதீங்க, நிறுத்திடுங்க.

காப்பித்தோட்டம்:
நன்றி அண்ணா. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? ஒண்ணுல ஸ்க்ரூவே இல்ல, ஒட்டி வச்சிருக்கு.

பழைய மெக்கானிக்:
நாடாவுல ஸ்பிரிட் வேணாம். ஹெட்டுக்கு மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒவ்வொரு கேசட்டு முடிஞ்சதும். ரப்பர் ரோலருக்கு லேசான சோப்புத்தண்ணி போதும், ஸ்பிரிட் பட்டுப்பட்டு ரப்பர் காஞ்சிடும்.

ஒட்டுன கேசட்டைக் கடைசியா வச்சுக்கோங்க. சந்துல பிளேடு நுனி மட்டும் விட்டு சுத்திக் கீறி நெம்பணும். ஆழமா இறக்குனா நாடாவே போச்சு. வேண்டாத சினிமாப் பாட்டுக் கேசட்டு ஒண்ணுல கையைப் பழக்கிக்கோங்க.

இன்னொண்ணு, முதல்தடவை ஓடும்போதே கம்ப்யூட்டர்ல பதிவு போயிட்டிருக்கணும். ரெண்டாந்தடவை ஓடும்னு சொல்ல முடியாது.

அம்மாபேட்டை அக்கா:
பாட்டு வந்தா இங்க போடுங்க தம்பி.