டீசல் லைனில் ஏர் எங்கிருந்து வருகிறது? தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணன்மாரே, வண்டி பழைய ஆறு சிலிண்டர் லாரி, இன்லைன் பம்ப் (இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்). ராத்திரி நிறுத்திவிட்டு காலையில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் வெறுமனே சுற்றுகிறது, சைலன்சரில் கொஞ்சம்கூட வெள்ளைப்புகை இல்லை, அதாவது டீசலே போகவில்லை. ஹேண்ட் பம்ப் அடித்து ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தினால் நுரை நுரையாக வருகிறது, அது தெளிந்ததும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும், அப்புறம் நாள் முழுக்க லோடோடு ஓடினாலும் இழுவை குறையவில்லை. டேங்க் நிறைய இருந்தால் தொல்லை குறைவு. வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை. ஃபில்டர், காப்பர் வாஷர் எல்லாம் மாற்றியாச்சு. மெக்கானிக் இன்லைன் பம்பையே கழற்றி காலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சோதித்துச் சரிசெய்ய) அனுப்பச் சொல்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் வால்வா, மிஞ்சிய டீசலைத் திருப்பி விடும் ஓவர்ஃப்ளோ வால்வா, டேங்குக்குள் இறங்கும் குழாயில் விரிசலா? எதை முதலில் பார்க்கலாம்? உள்ளே காற்றுக்குமிழி தெரிகிற டிரான்ஸ்பரண்ட் ஓஸ் போட்டுக் கண்டுபிடித்தவர்கள் எந்த இடத்தில் போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.