யூகோஸ்லாவியா உடைந்தது பல இனங்கள் இருந்ததாலா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல தேசிய இனங்கள் கொண்ட அரசுகள் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே வரிதான் எழுதுகிறார்கள்: "பல இனங்கள் இருந்தன, பகை முற்றியது, நாடு உடைந்தது." அப்படியானால் ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் பேசும் நம்ம பக்கம் எப்போதோ உடைந்திருக்க வேண்டாமா? பகை எந்த வழியாக ஒரு நாட்டை உடைக்கிறது? யூகோஸ்லாவியாவை வைத்தே விளக்க முடியுமா?

மலைச்சாரல்:
அந்த ஒரு வரியை நம்பினால் 1945 முதல் 1990 வரை அதே இனங்கள் ஒரே நாட்டில் இருந்ததற்கு விளக்கமே கிடைக்காது சார். தகராறைத் தீர்க்கும் இடம் எப்போது பழுதானது என்று தேடச் சொல்லுங்க.

1974 அரசமைப்பின்படி ஆறு குடியரசுகள், செர்பியாவுக்குள் கொசோவோ, வொய்வொதினா என இரண்டு தன்னாட்சி மாகாணங்கள். போருக்குப் பிறகு நாட்டை ஆண்டுவந்த டிட்டோ 1980 மே 4இல் இறந்தபின் நாட்டுக்குத் தலைமை ஒரு கூட்டுக் குழு. எட்டு பகுதிக்கும் ஆளுக்கொரு வாக்கு, தலைவர் பதவி வருடத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும். முடிவெடுக்க ஐந்து வாக்கு வேண்டும்.

செர்பியாவின் தலைவர் மிலோசெவிச் 1988-89இல் தெருக்கூட்டங்களைத் திரட்டி வொய்வொதினா, மாண்டிநீக்ரோ தலைமைகளைக் கவிழ்த்தார். 1989 மார்ச்சில் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். தன்னாட்சி போனதே தவிர, அந்த மாகாணங்களின் வாக்கு குழுவில் அப்படியே இருந்தது. ஆக எட்டில் நான்கு செர்பியா பக்கம். கரும்பலகையில் எட்டுக் கட்டம் போட்டு நான்கில் ஒரே நிறம் தீட்டுங்க, பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

1991 மார்ச்சில் ராணுவம் அவசரநிலை கேட்டது. ஐந்தாவது வாக்கு கிடைக்கவில்லை. எதிர்த்தவர்களில் போஸ்னியாவின் உறுப்பினர் போகிச் போகிச்செவிச்சும் ஒருவர். அவர் இனத்தால் செர்பியர்! ரத்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்க. மே 15இல் தலைவர் முறை குழுவில் குரோவேசியாவின் உறுப்பினரான மெசிச்சுக்கு வந்தது. அவருக்கும் ஐந்து வாக்கு சேரவில்லை. நாட்டுக்குத் தலைவரும் இல்லை, படைகளுக்குத் தலைமைத் தளபதியும் இல்லை. அந்த நிலையில்தான் ஜூன் 25இல் ஸ்லோவேனியாவும் குரோவேசியாவும் விடுதலையை அறிவித்தன.

நெல்லியாம்பதி:
வாக்குக் கணக்கு சரிதான். ஆனால் பணத்தை விட்டுவிட்டால் பாதி விஷயம் போய்விடும். ஸ்லோவேனியா மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம், ஏற்றுமதியில் ஏறத்தாழ கால் பங்கு. "நாங்கள் சம்பாதித்துத் தெற்கே கொட்டுகிறோம்" என்ற பேச்சு அங்கே ஓயவே இல்லை. 1989இல் பணவீக்கம் 1,000 சதவீதத்தைத் தாண்டியது. 1990 கடைசியில் செர்பியாவின் வங்கி மத்திய வங்கியிடம் கேட்காமலே நூறு கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள தினாரைத் தன் குடியரசுக்கு எடுத்துக்கொண்டது. அதன்பிறகு யார் வரி அனுப்புவார்கள்?

இன்னொன்று, 1990இல் பல கட்சித் தேர்தல் குடியரசு குடியரசாக நடந்தது. நாடு முழுக்க நடக்கவே இல்லை. எந்தக் கட்சியும் பக்கத்து இனத்தின் ஓட்டைக் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. குரோவேசியாவில் செர்பியர்கள் சுமார் 12 சதவீதம். புதிய அரசு வந்ததும் காவல்துறையில் அவர்களைக் கழிக்கத் தொடங்கியது. டிசம்பரில் அரசமைப்பை மாற்றி, குடியரசின் சம உரிமை இனம் என்ற அவர்களின் தகுதியைப் பறித்து வெறும் சிறுபான்மை ஆக்கியது. அதற்கு முன்பே ஆகஸ்டில் குரோவேசியாவில் செர்பியர் மிகுந்த க்னின் ஊரைச் சுற்றிச் செர்பியர்கள் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டு மறித்தாயிற்று. செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் தொலைக்காட்சி, இரண்டாம் உலகப்போரில் குரோவேசிய பாசிசவாதிகள் செர்பியர்களைக் கொன்ற 1941 படுகொலைகளைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. காவலன் எந்த இனம் என்று பார்த்துத்தான் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்ற நிலை வந்தபிறகு, சாதாரண மனிதனும் துப்பாக்கி தேடுவான்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
நன்றிங்க. செக்கோஸ்லோவாக்கியா ரத்தமில்லாமல் பிரிந்ததே? நம்ம எல்லையையும் இதோடு ஒப்பிடலாமா?

மலைச்சாரல்:
அங்கே கோடு போடுவது எளிது. செக்குகளும் ஸ்லோவாக்குகளும் பெரும்பாலும் தத்தம் பகுதியிலேயே இருந்தார்கள். மத்திய சொத்தை மக்கள்தொகைப்படி 2:1 என்று பிரித்து 1993 ஜனவரி 1இல் முடித்தார்கள். போஸ்னியாவில் 1991 கணக்குப்படி முஸ்லிம்கள் (அங்கே அது ஓர் இனப் பெயரும்கூட) சுமார் 44, செர்பியர் 31, குரோவேசியர் 17 சதவீதம், அதுவும் ஊருக்கு ஊர் கலந்து. எங்கே கோடு போட்டாலும் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில்தான் விழும்.

நெல்லியாம்பதி:
நம்ம பக்கம் வலி இல்லாமல் இல்லை. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் பெரும்பான்மை இருந்தும் 1956இல் அவை கேரளத்துக்குப் போயின. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தன; திருத்தணி 1960இல் ஆந்திராவிலிருந்து வந்தது. ஆனால் மாநில எல்லைக் கோடுகளை மாற்றும் அதிகாரம் இந்திய அரசமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு. மாநிலத்தின் கருத்தைக் கேட்பார்கள். அதன் சம்மதம் தேவையில்லை. ஆகவே தகராறு யூகோஸ்லாவியா மாதிரி முட்டிக்கொண்டு நிற்கவில்லை. எல்லை எங்கே விழுந்தாலும் யாரும் குடியுரிமை இழக்கவில்லை. திமுக 1963இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டு 1967இல் ஓட்டாலேயே ஆட்சியைப் பிடித்தது.

தப்பு நடப்பது கீழே. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ பள்ளியில் 40 பிள்ளைகளோ இருந்தால் தொடக்கக் கல்வி தாய்மொழியில் தர வேண்டும் என்பது 1949லேயே ஒப்புக்கொண்ட அளவு. 350ஏ பிரிவும் அதற்குத் துணை. தமிழ் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் இதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும். புகார் எழுதுவதானால் மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கு, 350பி பிரிவைக் குறிப்பிட்டு, வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கையும் காலியிடத்தின் தேதியும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க. எண்ணிக்கை இல்லாத மனுவைத் தள்ளிவைப்பது சுலபம்.