மறு: இன்-இயர் ஹெட்ஃபோனுக்கு என்ன சொல்? ‘காதுச்செருகி’ என்கிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காதில் வைத்துப் பாட்டு கேட்கும் இன்-இயர் ஹெட்ஃபோனுக்கும் அதன் பாகங்களுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் தயாரிக்க நம் குழு பேசிவரும் இந்த இழையை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பேச்சு ‘உட்செவி ஒலிப்பான்’ என்று முடிந்துவிடும் போலத் தெரிகிறது. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அந்தச் சொல் வேண்டாம்.

காரணம் உடற்கூறு. பள்ளிக்கூடத்திலேயே காதை மூன்றாகப் பிரித்துப் படித்திருக்கிறோம்: புறச்செவி, நடுச்செவி, உட்செவி. மடலில் தொடங்கிச் செவிப்பறை வரைக்கும் போகும் குழல், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர், முழுக்கப் புறச்செவியைச் சேர்ந்தது. பறைக்கு அந்தப் பக்கம் மூன்று சின்ன எலும்புகள் இருக்கும் இடம் நடுச்செவி. அதையும் தாண்டி, நத்தை போலச் சுருண்ட உறுப்பு இருக்கும் இடம்தான் உட்செவி. நாம் பேசும் கருவி குழலின் வாசலுக்குச் சற்று உள்ளேயே நின்றுவிடுகிறது. உட்செவிக்குள் போகும் கருவி ஒன்று உண்மையாகவே இருக்கிறது: செவித்திறன் இழந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட். ‘உட்செவிக் கருவி’ என்ற பெயர் நியாயமாக அதற்குத்தான் சேர வேண்டும். நான் சிங்கப்பூரில் மருத்துவத் துண்டறிக்கைகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். ஒரே சொல்லை அறுவை சிகிச்சைக்கும் பாட்டு கேட்பதற்கும் வைத்துக்கொண்டால், துண்டறிக்கையைப் படிக்கும் பாட்டிக்கு என்ன புரியும் என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

இழையில் வந்த இன்னொரு சொல்லான ‘காதுபேசி’யும் எனக்கு ஒட்டவில்லை. தொலைபேசியிலிருந்து ‘பேசி’யை எடுத்து ஒட்டியிருக்கிறோம், ஆனால் மேடையில் பாடகர் போட்டுக்கொள்ளும் கருவியிலும், ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கும் கம்பி வைத்த கருவியிலும் பேச்சு முக்கியமே இல்லை. கேட்பதுதான் வேலை.

இங்கே ஊரில் எல்லாரும் சொல்வது ‘இயர்பீஸ்’. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற வித்தியாசமே இல்லை. ஆனாலும் என்னோடு வேலை செய்யும் சீனத் தோழியிடம் கேட்டபோது, மாண்டரினில் ‘ஏர்ஜி’ என்று சொன்னார். ஏர் என்றால் காது, ஜி என்றால் இயந்திரம். காதுக்குள் போகும் வகைக்கு முன்னால் ‘ரூ ஏர்’ என்று சேர்ப்பார்களாம், காதில் நுழைவது என்று பொருள். அவர்கள் உட்செவிப் பக்கமே போகவில்லை. நுழைகிற செயலைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகன் தேசிய சேவை (இங்கே இளைஞர்களுக்கான கட்டாயப் படைச் சேவை) முடித்துச் சேர்த்து வைத்த பணத்தில் நல்ல இயர்பீஸ் ஒன்று வாங்க ஆசைப்பட்டான். கோல்மன் தெருவில் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒலிக்கருவிக் கடைகளுக்குப் பேர்போன கட்டடம் அது. கடைக்காரர் ஒரு தட்டில் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று அலுமினியம், ஒன்று துருப்பிடிக்காத எஃகு, இன்னொன்று பிசினில் வார்த்தது. ஏசிக் குளிரில் எஃகு பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தது, உள்ளங்கையில் கனம் தெரிந்தது. அலுமினியம் இருப்பதே தெரியவில்லை. பிசினில் வார்த்தது கண்ணாடி போல இருந்ததால் உள்ளே மயிரிழைக் கம்பிகளும் அரிசி மணி அளவு பெட்டிகளும் அப்படியே தெரிந்தன.

பையன் முதலில் எஃகை மாட்டிக் கேட்டுவிட்டு, “பேஸே இல்ல சித்தி” என்று முகம் சுருங்கினான். பேஸ் என்றால் தாழ்ந்த ஒலி. கடைக்காரப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் நுனியில் இருந்த சிலிக்கோன் குமிழைக் கழற்றிவிட்டு, ஓர் அளவு பெரியதைப் போட்டுக் கொடுத்தார். ஒரு கையால் காது மடலை மேலே தூக்கிப் பிடி, மறு கையால் லேசாகத் திருகி உள்ளே தள்ளு என்று செய்து காட்டினார். அவ்வளவுதான், பையன் கண் விரிந்தது. “நல்லா சொருகணும் சித்தி, அப்பத்தான் பேஸ் வருது!” என்றான்.

நாம் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த சொல் அவன் வாயில் தானாக வந்துவிட்டது.

அவன் சொன்னது அறிவியல்படியும் சரி. கருவிக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் ஏழு முதல் பத்து மில்லிமீட்டர் அகலத் தகட்டினால் தாழ்ந்த ஒலியை எப்படிக் கொடுக்க முடிகிறது? குழலுக்குள் அடைபட்ட காற்று மிகக் கொஞ்சம். அதை அழுத்தவும் விடவும் சின்ன அசைவே போதும். ஆனால் ஓரத்தில் இடுக்கு இருந்தால் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அது வழியாகக் கசிந்துவிடும். மேல் ஒலி மட்டும் மிஞ்சும், பாட்டு தகரம் போலக் கேட்கும். ஆக இந்தக் கருவியின் உயிர் எதில் இருக்கிறது என்றால், அது காதில் எப்படி நிற்கிறது என்பதில் இருக்கிறது.

தமிழில் இப்படி நிற்பதற்குச் செருகுதல் என்று பெயர். கொண்டையில் பூவைச் செருகுகிறோம், இடுப்பில் முந்தானையைச் செருகுகிறோம், கூரை இறவாணத்தில் அரிவாளைச் செருகி வைப்பார்கள். மூன்றிலும் பாருங்கள்: பொருள் முழுக்க உள்ளே மறைவதில்லை, ஒரு பகுதி வெளியே தெரியும். கட்டவோ ஒட்டவோ வேண்டாம், பிடிமானத்திலேயே நிற்கும். வேண்டும்போது உருவிக்கொள்ளலாம். ‘நுழை’ என்றால் உள்ளே போய்விடும். ‘திணி’ என்றால் முரட்டுத்தனம். ‘அடை’ என்றால் வழியை மூடுவது மட்டும்தான் நோக்கம். காதில் நிற்கும் இந்தக் கருவிக்குச் ‘செருகு’ அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. பேச்சில் ‘சொருகு’ என்போம், எழுத்தில் ‘செருகு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் முன்மொழிவு: காதுச்செருகி.

செவிச்செருகி என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். சொல்லிப் பாருங்கள், ‘செ’ இரண்டு முறை வந்து நாக்கில் முட்டுகிறது. தவிர, கடையில் யாரும் செவி என்று பேச மாட்டார்கள். நாளடைவில் வெறும் ‘செருகி’ என்று சுருங்கிவிடும், சுருங்கட்டும். ‘இணையம்’ என்ற சொல்லை நம் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று இங்கே பெருமையோடு சொல்வோம். 1997இல் தமிழிணைய மாநாடு நடந்த ஊர் இது. அந்தச் சொல் நின்றதற்கு அதன் சுருக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எதிர்ப்புகளையும் பார்த்துவிடுகிறேன். மென்பொருளில் பிளக்-இன்னுக்குச் ‘செருகி’ ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ‘செருகுநிரல்’ என்பது நன்றாக வேரூன்றிவிட்டது. நிரல் என்ற வால் இருக்கும்வரை குழப்பம் வராது. ‘காதடைப்பான்’ என்று யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் அது துப்பாக்கி சுடுதளத்தில் நம் பிள்ளைகள் காதில் வைத்துக்கொள்ளும் பொருளுக்கு வேண்டும். சத்தத்தைத் தடுப்பதற்கும் சத்தத்தைத் தருவதற்கும் ஒரே பெயர் ஆகாது.

சென்னைப் பேராசிரியர் அம்மா சொன்ன ‘ஒலிக்குழை’யை விடுவதுதான் எனக்கு வருத்தம். குழை எவ்வளவு அழகான சொல்! குறளில் ‘கனங்குழை’ என்று வருகிறது. ஆனால் குழை காதுமடலில் தொங்கும் அணி, குழலுக்குள் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக நகைச் சொற்களில் ஒன்றை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். விலை உயர்ந்த செருகிகளில் கம்பி நேராகக் கீழே தொங்காது. மடலின் மேல் சுற்றிக் காதுக்குப் பின்னால் இறங்கும். எடையை மடல் தாங்கிக்கொள்ளும், கம்பி உரசும் சத்தமும் குறையும். தோட்டின் எடையைத் தாங்க மடலுக்கு மேலே கொண்டுபோய் மாட்டும் சங்கிலிக்கு நம் வீட்டில் என்ன பெயர்? மாட்டல். அந்த வளைவுக்கு ‘மாட்டல்’ என்றே சொல்லலாம். சிராங்கூன் சாலை நகைக்கடையில் கேட்டால் கேட்ட உடனே புரியும்.

அடுத்தது பொருட்கள். கருவியின் வெளிப்பாகத்துக்குப் பட்டியலில் ‘உறை’ என்று போட்டிருப்பதை மாற்ற வேண்டும். தலையணை உறை, கத்தி உறை எல்லாம் கழற்றி எடுக்கக்கூடியவை. உறை போனாலும் தலையணை தலையணைதான். இங்கே அப்படி இல்லை. ஜெர்மனியின் சென்ஹைசர் 2021இல் கொண்டுவந்த ஐஇ 900 என்ற செருகியில், ஒரே அலுமினியக் கட்டியைக் கடைந்து எடுத்திருக்கிறார்கள். ஒலிபோகும் வழியில் தேவையற்ற அதிர்வை விழுங்கும் சின்னச் சின்ன அறைகளும் அந்த உலோகத்திலேயே குடைந்தவை. அதை உரித்துப் போட்டால் ஒலியும் போய்விடும். ‘கூடு’ என்பதே பொருத்தம்: உள்ளே வெற்றிடம் உண்டு, அந்த வெற்றிடத்துக்காகத்தான் கூடே. எஃகுக்கூடு, டைட்டானியக்கூடு, பிசின்கூடு என்று சேர்த்துச் சொல்லவும் வருகிறது. டைட்டானியம் உடம்போடு ஒத்துப்போகும், எலும்பில் பொருத்தும் திருகாணிகளே அதில் செய்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும், கவரிங் தோடு போட்டுக் காது புண்ணாகிறவர்கள் கவனிக்க வேண்டும். இதைப் பொருள் விளக்கத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.

இரண்டு இடத்தில் எழுத்துக்கூட்டலே பொருளை மாற்றிவிடுகிறது. இதில் நான் பிடிவாதமாக இருக்கப்போகிறேன்.

முதலாவது, நுனியில் இருக்கும் மெத்தென்ற குமிழ் சிலிக்கோன், ரப்பர் போன்றது. சிலிக்கான் வேறு, கணினிச் சில்லு செய்யும் தனிமம். முன்பு செருகியில் ஒலியைத் தரும் வேலை சிலிக்கானுக்குப் பெரும்பாலும் இல்லாததால் தவறு தெரியாமல் ஓடியது. இனி அப்படி இல்லை. சிம் வோங் ஹூ 1981இல் இங்கே சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 2023இல் ஆர்வானா ஏஸ் என்ற செருகியைக் கொண்டுவந்தது. அதில் மேல் ஒலியைத் தருவதே சிலிக்கானில் செதுக்கிய ஒலியாக்கி. நுனியில் சிலிக்கோன், உள்ளே சிலிக்கான்! இரண்டையும் ‘சிலிகான்’ என்று எழுதினால் படிக்கிறவர் எதை எது என்று எடுத்துக்கொள்வார்?

இரண்டாவது, சிர்கோனியமும் சிர்கோனியாவும். சோனியின் ஐஇஆர்-இசட்1ஆர் கூடு சிர்கோனியம் கலந்த உலோகக்கலவை. சிர்கோனியா அதன் ஆக்சைடு, சுட்டு இறுகச் செய்த பீங்கான் வகை. பல் மருத்துவர் போடும் வெள்ளைப் பல்லும், மூக்குத்தியில் வைரத்துக்குப் பதிலாகப் பதிக்கும் கல்லும் அந்தக் குடும்பம்தான். பட்டியலின் வரைவில் சோனியின் கூட்டைப் ‘பீங்கான்’ என்று போட்டிருக்கிறது, தயவுசெய்து திருத்துங்கள்.

அதிரும் பாகத்துக்கு ‘உதரவிதானம்’ என்று பழைய அகராதி ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். உதரம் வயிறு. மூச்சுக்கு உதவும் தசைக்கு அது சரி, இங்கே ஆகாது. ‘தோல்’ என்று ஒருவர் சொன்னார், மிருதங்கத்தை நினைத்திருப்பார். ஆனால் மிருதங்கத் தோல் இழுத்துக் கட்டிய விசையில் பேசுகிறது. செருகிக்குள் இருப்பது தன் சொந்த விறைப்பில் நிற்க வேண்டும். பெரிலியத்தைத் தேடிப் போவதே அதற்காகத்தான். அலுமினியத்தைவிட எடை குறைவு, விறைப்போ ஏறத்தாழ நான்கு மடங்கு. வளைந்து நெளியாமல் மொத்தமாக முன்னும் பின்னும் போகும். ஜப்பானின் ஃபைனல் நிறுவனம் ஏ8000இல் தூய பெரிலியத்தையே மென்தகடாக்கி வைத்திருக்கிறது. பெரிலியத் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதைப் பட்டறையில் கையாள்வது எளிதல்ல. செருகிக்குள் திடமாக இருக்கும்போது கேட்கிறவருக்கு அந்த ஆபத்து இல்லை. பிளாஸ்டிக்கும் உலோகமும் இரண்டும் அடங்கும்படி ‘அதிர்படலம்’ என்று வைக்கலாம்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது ஒன்று இருக்கிறது: பேலன்ஸ்டு ஆர்மச்சூர் என்ற ஒலியாக்கி வகைக்கான சொல். அந்தப் பிசின்கூட்டுக்குள் நான் பார்த்த அரிசி மணிப் பெட்டிகள் அவைதான், காதுகேட்கும் கருவியிலிருந்து வந்தவை. இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய உலோக நாக்கு ஒன்று எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். சுற்றியிருக்கும் சுருளில் மின்னோட்டம் மாற மாற நாக்கு ஆடும், ஒரு குட்டிக் கம்பி அந்த ஆட்டத்தைப் படலத்துக்குக் கொண்டுபோகும். ‘சமநிலைச் சுருளகம்’ என்று பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆடுவது சுருள் இல்லையே, நாக்குதானே! சுருளே ஆடும் சாதாரண வகையைச் ‘சுருள் ஒலியாக்கி’ என்றும் இதை ‘நாக்கு ஒலியாக்கி’ என்றும் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஆர்மோனியத்துக்குள் காற்றில் துடிக்கும் பித்தளைத் துண்டையும் நாக்கு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் தொழில் செய்கிறவர் வாயால் கேட்டதில்லை. ஊரில் ஆர்மோனியம் பழுதுபார்க்கிறவர் யாரையாவது உங்களில் ஒருவருக்குத் தெரிந்தால், அந்தத் துண்டுக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்த ஒரு வரியைப் பட்டியலில் காலியாக விட்டுவைக்கலாம்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து