உதவி: மீன்தொட்டிக்கு எந்த ஆமை நல்லது? ராத்திரிக்குள் சொல்லுங்கள்

கித்தாக்காட்டுப் பையன் (மாலை 4.12)
வணக்கம், மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மகள் ஒரு மாதமாக ஆமை கேட்டு நச்சரிக்கிறாள். வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பச்சைக் குட்டி பத்து வெள்ளி, காதுப் பக்கம் சிவப்புக் கோடு. அதையே வாங்கலாமா, வேறு பார்க்கலாமா? ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.

ஈப்போ அக்கா (4.25)
தொட்டி எத்தனை அடி தம்பி? உள்ளே மீன் இருக்கிறதா? மகளுக்கு என்ன வயது? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்ல?

தண்ணீர்க்காரன் (4.31)
எந்த ஆமையானாலும் ஃபில்டர்தான் உயிர். தின்பதும் கழிவதும் ஒரே தண்ணீரில், மீனுக்கு வைக்கும் சின்ன ஃபில்டர் நாலு நாள் தாங்காது. தொட்டியைப் போல இரண்டு மடங்கு தண்ணீருக்கானதாகப் பார்த்து வாங்குங்கள்.

செம்பனைத் தோட்டம் (4.50)
ஃபில்டர் அப்புறம், முதலில் வெயில். என்னுடைய முதல் ஆமையை ஜன்னலோரம் வைத்து, கண்ணாடி வழியாக வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். எட்டு மாதத்தில் ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கியது, காய்ந்த தோசை ஊறின மாதிரி. ஓடு கெட்டியாக வேண்டிய யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து முழுசாகக் காய ஒரு மேடு, மேலே யுவிபி விளக்கு. இவை இல்லாமல் வாங்காதீர்கள்.

பழைய தொட்டி (5.15)
வாரம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள், தேடிப் படித்துவிட்டு வந்தால் என்ன? சரி, கேளுங்கள். நீங்கள் பார்த்தது ரெட் இயர் ஸ்லைடர். இன்று ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, பெண்ணாக இருந்தால் 25 செ.மீ. கூடத் தாண்டலாம், இருபது முப்பது வருடம் வாழும். குட்டியில் ஆணா பெண்ணா தெரியாது. ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 38 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு, போட்டுப் பாருங்கள். சின்ன ஆமைதான் வேண்டுமென்றால் மஸ்க் ஆமை, வளர்ந்தாலும் 13 செ.மீ. வரைதான். ரப்பர்க்காட்டு ஓடையில் கிடைக்கும் கூரா காத்துப் என்ற பெட்டி ஆமையை மட்டும் தொடாதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம்.

கோயில் வீதி (5.40)
ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மீனே போதும். ஏற்கெனவே வாங்கியவர்கள் கோயில் குளத்திலோ பிளஸ் ஆற்றிலோ விட்டுவிடுங்கள், புண்ணியம்.

ஈப்போ அக்கா (5.52)
பழமொழி உங்கள் விருப்பம், ஆற்றில் விடச் சொல்வதுதான் தப்பு. பிளஸ் ஆறு பேராக் ஆற்றில்தான் சேர்கிறது. கீழே போத்தா கானானில் அழியப்போகிற துன்தோங் ஆமையை முட்டையிலிருந்து வளர்த்து அந்த ஆற்றில் விடுகிறார்கள். இங்கே வெளிநாட்டு ஸ்லைடரை விட்டால் இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் இரண்டும் போட்டி போடும். உலகின் மிக மோசமான 100 அந்நிய இனங்கள் பட்டியலிலேயே அது இருக்கிறது.

கோயில் வீதி (6.03)
எங்கள் குளத்தில் பத்து வருடமாக இருக்கின்றன. யாருக்கு என்ன கெட்டது?

ஈப்போ அக்கா (6.10)
குளத்தில் முன்பு இருந்த மீன் இன்னும் இருக்கிறதா, போய்ப் பாருங்கள் ஐயா.

தண்ணீர்க்காரன் (6.20)
தம்பி இன்னும் தொட்டி அளவே சொல்லவில்லை.

செம்பனைத் தோட்டம் (6.34)
வயதும் சொல்லவில்லை. ஆமை மேல் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம். குட்டி ஆமையைப் பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள் என்றுதான் அமெரிக்காவில் 1975லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்ததை விற்கத் தடை போட்டார்கள்.

கித்தாக்காட்டுப் பையன் (இரவு 9.48)
மன்னிக்கவும், பார்க்காமல் போய்விட்டேன். தொட்டி இரண்டடி, கப்பி மீன் இருக்கிறது. மகளுக்கு ஒன்பது. அவள் அழுதாள், வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கிறது. டப்பாவில் அசையாமல் இருக்கிறது.

பழைய தொட்டி (9.55)
தொட்டியில் விடாதீர்கள். தனிப் பேசினில் ஓடு மூழ்காத அளவுக்கு வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீர், ஏற ஒரு கல். காய்ந்த இறாலையே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ இல்லாமல் கண் இப்படி வீங்கும், அழுக்குத் தண்ணீராலும் வரும். கண் தெரியாமல் தின்னாது, வாயைத் திறந்து ஊட்டாதீர்கள். மனிதர் கண்மருந்து விடாதீர்கள். காலையில் ஆமை பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், முதலில் போன் போட்டுக் கேளுங்கள், எல்லோரும் பார்ப்பதில்லை. மகளைக் கை சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்தால் எழுதுங்கள், விழித்திருப்பேன்.

கித்தாக்காட்டுப் பையன் (காலை 7.06)
ஒரு கண் லேசாகத் திறந்திருக்கிறது. ஈப்போ போகிறோம். பின்கட்டில் நாலடித் தொட்டிக்கு இடம் இருக்கிறது.