எஸ்ஐ ஜாயின்ட் வலி: மேனிபுலேஷன் 2 நாளுக்கு மேல் நிற்கவில்லை

களியக்காவிளைப் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, வயது 44. வலது எஸ்ஐ ஜாயின்ட்டில் (முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு) 4 மாத வலி. இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுகிறார். காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவில்லை. இந்த மூட்டை அழுத்திப் பார்க்கும் சோதனைகளான தை (தொடை) த்ரஸ்ட், கம்ப்ரஷன், சேக்ரல் த்ரஸ்ட் மூன்றிலும் அதே வலி கிளம்புகிறது. எம்ஆர்ஐயில் நரம்பு அழுத்தம் இல்லை. காலையில் எழுந்ததும் விறைப்பு 10 நிமிடம்தான்.

மூட்டைக் கையால் திரும்பத் திரும்ப அசைக்கும் மெயிட்லேண்ட் முறை மொபிலைசேஷன் (கிரேடு 3, 4) 6 முறை, சொடுக்கெடுக்கும் மேனிபுலேஷன் 2 முறை செய்தாயிற்று. குனிவது உடனே இலகுவாகிறது, மூன்றாம் நாள் மறுபடி பிடிக்கிறது. (சத்தம் வந்ததும் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்கிறார்கள் வீட்டார். அது மூட்டுக்குள் வாயு சத்தம், வேறொன்றுமில்லை.) மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் பயிற்சி 10 வீதம் 3 சுற்று, 5 வாரமாக. இடுப்பு பெல்ட் போட்டால் நடக்கும்போது வலி பாதி. விடியுமுன் குனிந்து ஒரே பக்கம் திரும்பி வெட்டும் வேலையை விட வழியில்லை.

பெல்ட்டில் அடங்குவதால், மேனிபுலேஷனை நிறுத்திவிட்டுப் பளு ஏற்றும் பயிற்சிக்கு மட்டும் மாறலாமா?