கொரிய முகமூடி நாடகத்தில் ஒரு சிலேடை: தமிழாக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கொரிய மொழி தெரிந்தவர்கள், சிலேடையில் கை தேர்ந்தவர்கள் உதவுங்கள்.

தென்கொரியாவின் ஆண்டோங் பக்கத்திலுள்ள ஹாஹ்வே கிராமத்து முகமூடி நாடகத்தில் ஒரு காட்சியைத் தமிழாக்குகிறேன். புனே என்ற பெண்ணுக்காக யாங்பான் என்ற பிரபுவும் சொன்பி என்ற அறிஞனும் பெருமை பேசிச் சண்டை போடும் இடம். பிரபு, "நான்கு நூல், மூன்று மறை படித்தவன் நான்" என்கிறான் (மேல்குடியினர் படித்த கன்பூசிய நூல்கள் இவை). அறிஞனோ, "நான் எட்டு நூல், ஆறு மறை!" என்று இரட்டிப்பாக்குகிறான். அது என்ன ஆறு மறை என்று பிரபு விழிக்க, வேலைக்காரன் சொரேங்கி குறுக்கே புகுந்து பட்டியல் போடுகிறான்: எண்பதாயிரம் பௌத்த ஏடுகள், குருடனின் மூக்குக்கண்ணாடி, மருந்துக்கடை வேர், பண்ணையாளின் வருடக் கூலி... கொரியத்தில் எல்லாமே மறையைக் குறிக்கும் 'க்யோங்' என்ற ஒலியில் முடிகின்றன.

'மறை'க்குப் பதில் 'நூல்' என்று வைத்தால் தைக்கிற நூல், பட்டம் விடுகிற நூல் என்று ஓட்டலாம். ஆனால் கூலி அதில் வரவில்லையே! மேல்குடியின் படிப்புக்கு நடுவே உழைப்பவன் தன் கூலியைச் செருகுவதுதான் இங்கே உயிர். அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

வரி சின்னதாகவும் இருக்க வேண்டும். பிரபுவின் முகமூடியில் தாடை தனித்துண்டு, கயிற்றால் கட்டியது. தலை நிமிர்ந்தால் சிரிக்கும், குனிந்தால் முறைக்கும். அந்த அசைவோடு பேச்சு ஒட்ட வேண்டும்.

கூலியையும் படிப்பையும் ஒரே ஒலியில் பிடிக்கும் சொல் தோன்றினால் எழுதுங்கள். அப்புறம், இந்தக் காட்சியை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், சொரேங்கி அந்த இடத்தில் எப்படி நிற்கிறான், யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்றும் சொல்லுங்கள்.